பின்னால் நிற்பவன் சொல்லும் மணி

நீ போய் அவனுக்குப் பின்னால் நில் என்று கிர்ஸ்டி கையைக் காட்டியபோது பரராஜசிங்கத்துக்கு முதலில் வந்தது சிரிப்பு, வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். மீனுக்குக் காவலாகப் பூனையைக் கூப்பிடுகிறாளே இந்த மனிசி என்று நினைத்தபடி ஈரப்புல்லில் இருந்து எழும்பினான். எழும்பும்போது வலது தோளுக்குள் மணலை மிதித்ததுபோல் ஏதோ நறநறத்தது. முகத்தில் காட்டவில்லை. காட்டாமல் இருக்கப் பழகி எட்டு மாதம். சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி, ரொறொன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம், சோளக்காணிக்குப் பக்கத்தில் கிர்ஸ்டியின் தகப்பன் விட்டுப்போன வெறும் புல்வெளி, அதன் நடுவில் தோலுரித்துக் கிடக்கிற பதினேழடி நீளப் பைன் மரம். வெள்ளைக்காரர் அதைக் கேபர் என்பார்கள், பராவுக்கு அது மரம்தான். ஸ்கொட்லாந்துக்காரர் இந்த நாட்டுக்கு வரும்போது கப்பலில் சாமானோடு சாமானாய் ஏற்றிவந்த விளையாட்டு. கல்லை எறிவார்கள், பிடி நீண்ட சம்மட்டியைச் சுழற்றி எறிவார்கள், ஐம்பத்தாறு இறாத்தல் இரும்பை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே எறிவார்கள், கடைசியில் இந்த மரத்தை. மரத்தில் தூரம் கணக்கில்லை, நேர்தான் கணக்கு. நிமிர்த்திய மரத்தை இரண்டு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி, நின்று, உன்னி எறிய வேண்டும், அது அந்தரத்தில் தலைகீழாய்ப் புரண்டு, பருத்த தலை நிலத்தில் குத்தி, மெல்லிய நுனி அப்பால் போய் விழ வேண்டும். எறிகிறவன் ஆறு மணியில் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு நேர் முன்னே பன்னிரண்டு. நுனி எங்கே காட்டுகிறதோ அதுதான் அவனுடைய மணி. அந்த மணியைப் பார்த்துச் சொல்கிறவன் எறிகிறவனுக்கு நேர் பின்னாலேயே ஓடிப்போக வேண்டும், அவன் சொன்னால் சொன்னதுதான், எறிந்தவன் மறுத்துக் கதைக்கக் கூடாது. தன் மரம் எவனுக்கும் நேராகத்தான் தெரியும் என்பாள் கிர்ஸ்டி. வழக்கமாக அவள்தான் பின்னால் ஓடுவாள். இன்றைக்கும் இதுவரை அவள்தான் ஓடினாள், இப்போது முழங்கால் வீங்கி ஓட ஏலாது, மரம் சரியாகப் புரண்டதா என்று பார்க்கப் பக்கவாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆவணி மாத விழாவில் முதல்தடவை இறங்குகிற அமெச்சூர் ஆட்களில் அவள் நடத்துகிற இந்தக் குட்டிக் கழகத்துக்கு ஒரே ஒரு இடம். ஆளுக்கு மூன்று எறி, யாருடைய மணி பன்னிரண்டுக்குக் கிட்டவோ அவன் போவான் என்று போன கிழமையே சொல்லிவிட்டாள். பரா மூன்றையும் எறிந்துவிட்டான். முதலாவது புரளவேயில்லை, இரண்டாவது இரண்டு மணி, மூன்றாவது பதினொன்றரை. பதினொன்றரை. இரண்டு வருஷத்தில் அவன் காணாத மணி. மச்சான் நிரோஜனுக்கு ஒன்று புரளவில்லை, மற்றது பத்து. இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றுக்குத்தான் போய் நிற்கச் சொல்கிறாள்.

முப்பது வயது. முப்பது வயதில் என்ன அவசரம் நிரோஜனுக்கு. அடுத்த வருஷம் இல்லையா, அதற்கடுத்தது இல்லையா, இன்னும் பதினைந்து ஆவணி இவனுக்கு வரிசையில் நிற்கிறது. அங்கே பார், கையில் பிசின் பூசிக்கொண்டு நிற்கிறான், அவசரமே இல்லாமல், தலைக்கு எண்ணெய் வைக்கிறவனைப்போல. கழுத்து எப்போது இவ்வளவு தடித்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நிலவறையில் வெயில் படாத வாழைக்கன்றுபோல வெளிறிப்போய்க் கிடந்தவன், வேலையும் போய், கலியாணம் பேசிவைத்த பெட்டையும் மாட்டேன் என்று சொல்லி, போர்வைக்குள்ளே போன் வெளிச்சம் மட்டும் முகத்தில் அடிக்க. மனைவி சுகந்திதான் தொடங்கினாள். இஞ்சருங்கோ, தம்பியையும் ஒருக்கா உங்கடை அந்த மரம் தூக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, நாலு மனிசரைப் பார்த்தானெண்டால் தெளிஞ்சிடுவான். போனானே பரா கூட்டிக்கொண்டு. மரத்தின் மற்றத் தலையைத் தூக்க ஒரு ஆள் கிடைத்ததென்று சந்தோசப்பட்டுக்கொண்டு வேறு போனான், மடையன். இரண்டாம் கிழமை கிர்ஸ்டி சொன்னாள், உன் மச்சானுக்கு முதுகு பிறவியிலேயே இதற்கென்று செய்தது. பிறவியிலேயே. அப்போ பராவின் முதுகு எதற்கென்று செய்தது, பாத்திரம் கழுவவா. சுகந்தி இரண்டு வருஷமாக இவன் சனிக்கிழமை விடிய எழும்பிப் போகும்போது மற்றப் பக்கம் புரண்டு படுப்பாள். இந்த வயதில் சாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டை தூக்கப் போறார் மனிசன் என்று தன் சிநேகிதிக்குப் போனில் சொல்லிச் சிரித்ததை இவன் மேல்படியில் நின்று கேட்டிருக்கிறான். இன்றைக்கு ஐந்தரைக்கே குசினியில் வெளிச்சம். முட்டைப் பொரியல். தம்பியின் கோப்பையில் மலைபோல, இவனுடைய கோப்பையில் ஒரு ஓரமாய். உங்களுக்குக் கொலஸ்ட்ரோல் எண்டு டொக்டர் சொன்னவர்தானே. ஓம், சொன்னவர். டொக்டர் வேறும் சொன்னவர், அது உனக்குத் தெரியாது. பாவாடையைப் பார், அந்தக் கட்டம்போட்ட கில்ட், பரா தன்னுடையதை ஒரு பழைய உடுப்புக் கடையில் அரை மணித்தியாலம் வாதாடி வாங்கினான், இடுப்பில் கொளுவியை இடம் மாற்றித் தைத்து, பின்பக்கம் ஒரு மடிப்புக் குறைய. நிரோஜனுக்குக் கிர்ஸ்டி தன் தகப்பனுடையதைக் கொடுத்தாள். சும்மா. பெட்டியிலிருந்து எடுத்து உதறி, இது உனக்குச் சரியாக இருக்கும் என்று. சரியாகத்தான் இருந்தது. எல்லாம் அவனுக்குச் சரியாகத்தான் இருக்கும். கேட்காமலே வருகிறது. கேட்டும் கத்தியும் கதவுவரை போய்த் திரும்பி வந்தும் பரா வாங்குகிற சாமான் ஒவ்வொன்றும் அவனிடம் கேட்காமலே வந்து சேருகிறது, நாய்க்குட்டி மாதிரி.

இந்த இடத்தையே பரா அல்லவா கண்டுபிடித்தான். பழைய குசினிச் சாமான் வியாபாரம் அவனுக்கு, மூடுகிற சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பும் ஃப்ரீசரும் வாங்கித் திறக்கிற கடைகளுக்கு விற்பது. ஒரு விழாப் பந்தலில் பழுதான ஃப்ரீசர் ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனவன், விலை படியாமல் முறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, சாரம் கட்டிய வெள்ளைக்காரர் தெருக் கம்பத்தை எறிந்து விளையாடுவதைக் கண்டான். விழுந்து விழுந்து சிரித்தான். ஏனடா சிரிக்கிறாய் என்றமாதிரி ஒரு பொம்பிளை, இதே கிர்ஸ்டிதான், வந்து வளையம் வைத்த இரும்பை அவன் காலடியில் போட்டாள், தூக்கு பார்ப்போம். ஐம்பத்தாறு இறாத்தல். அதுவா பாரம், ஃப்ரீசர் மோட்டரை ஒற்றைக் கையில் தூக்கி வாகனத்தில் வைக்கிறவனுக்கு. தூக்கினான். எறி என்றாள். எறிவதா, பாரத்தை யாராவது எறிவார்களா, இறக்கி வைப்பார்கள், பக்குவமாய், சுரண்டல் விழாமல், விழுந்தால் விலை குறையும். பத்தொன்பது வயதில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த உடம்பு தூக்கியதெல்லாம் யாரோ ஒருவருடைய சாமான். மா மூட்டை, இறைச்சிப் பெட்டி, பிறகு தன்னுடைய வியாபாரம் என்று வந்த பிறகும் அடுப்பு, அடுப்பு, அடுப்பு. ஒருமுறை ஒரு படிக்கட்டில் நெஞ்சில் அடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றபோது, வாங்கினவன் மேலே நின்று விலையைக் குறைத்துக் கேட்டான், விட்டால் உருளும், விடாவிட்டால் விலை உருளும், அப்படியே நின்று வாதாடினான் பரா, மூச்சு முட்ட முட்ட, ஒரு சதமும் இறங்கவில்லை. அப்படிப்பட்டவன் அன்றைக்கு அந்த இரும்பை விட்டான். கை வெறுமையாயிற்று. இரும்பு போய்ப் புல்லில் விழுந்து ஒரு குழி பறித்தது, அந்தக் குழியால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, ஒருவரும் வந்து என்ன விலை என்று கேட்கவில்லை. அதை எப்படி ஒருவருக்குச் சொல்வது. சுகந்திக்குச் சொல்லத் தொடங்கினான், கேட்டுவிட்டு, அப்போ குப்பை வாளியை வெளியே வைச்சிட்டு வாங்கோ என்றாள். ஒருநாள், ஒரே ஒரு நாள், பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்க, அந்தப் பைப் வாத்தியக்காரர் ஊத, மடிப்புக் குறைந்த பாவாடையோடு நடுவில் போய் நின்று மரத்தைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். பரராஜசிங்கம் என்ற பெயரை அவர்கள் வாசிக்கப் படுகிற பாட்டைக் கேட்கக்கூட ஆசையாய் இருந்தது. இந்த எறி நேராய் விழுந்தால் நிரோஜன் என்று வாசிப்பார்கள். சுலபமாக வாசிக்கலாம். அதுவும் அவனுக்குச் சுலபம்.

வா, நிமிர்த்து என்கிறாள் கிர்ஸ்டி. நிமிர்த்தவும் இவன்தான். நிரோஜன் மெல்லிய நுனியில் சப்பாத்தை மிண்டுகொடுத்துக்கொண்டு நிற்க, பரா பருத்த தலையைத் தூக்கித் தோளில் ஏற்றி, கைக்கு மேல் கை வைத்து நடந்து நடந்து மரத்தை உயர்த்துகிறான், எதிராளிக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிற மாதிரி. தோள் கத்தியது. உள்ளே ஒரு நார் முக்கால்வாசி கிழிந்துவிட்டதென்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டொக்டர், வேட்டியில் கிழிசல் காட்டுகிறவரைப்போல. ஐப்பசிக்குள் வெட்டித் தைக்க வேண்டும், தைத்த பிறகு தலைக்கு மேலே பாரம் தூக்குகிற கதையே இல்லை, நாற்பத்தெட்டு வயது, யோசியுங்கள். யோசித்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும். சுகந்தி கண்ணைக் கசக்குவாள், கிர்ஸ்டி மரத்தில் கை வைக்கவே விடமாட்டாள், நிரோஜன், அவன்தான் மோசம், அவன் உடனே சொல்வான், அத்தான் நீங்கள் போங்கோ, நான் பிறகு பார்க்கிறன். அந்த முகத்தோடு சொல்வான். பிச்சை. பராவின் வாழ்க்கையில் பேசாமல் வாங்கிய பொருள் ஒன்று இல்லை, இதை மட்டும் பிச்சையாய் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதா, அதைவிட அந்தத் தோள் கழன்று இங்கேயே விழட்டும். இவன் கேட்டு அவன் கொடுத்து இவன் போனால் அந்த நாளும் அவனுடைய நாள்தானே. இல்லை. பதினொன்றரை. அது என்னுடையது, நான் எறிந்தது, கிழிந்த நாரோடு எறிந்தது. மரம் நிமிர்ந்துவிட்டது. நிரோஜன் அதைத் தோளில் சாய்த்து அணைத்துக்கொண்டு, குனிந்து, கோர்த்த விரல்களை மெல்ல மெல்ல அடிக்கு இறக்குகிறான், மரத்தோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு. என்ன வடிவு. சொல்லித்தான் ஆகவேண்டும், பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது, அதுதான் இன்னும் எரிகிறது. பின்னால் போ, நேர் பின்னால் என்கிறாள் கிர்ஸ்டி கதிரையில் இருந்து. போகிறான். பதினைந்து எட்டுத் தள்ளி. நேர் பின்னால் என்றால் எவ்வளவு நேர்.

பரா தன் வியாபாரத்தில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதைக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்வான். நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்க ஃப்ரிட்ஜை நிறுத்துவான், பிறகு வடிவாகப் பாருங்கோ, தொட்டுப் பாருங்கோ, கதவைத் திறந்து பாருங்கோ என்பான், சுற்றிப் போய்ப் பார்க்காதது வாங்குகிறவனுடைய பிழை. எங்கே நிற்க வைப்பது என்று தெரிந்தவனுக்குப் பொய் எதற்கு. இரண்டு எட்டு இடப்பக்கம். இரண்டே இரண்டு எட்டு. தார்றோட்டின் நடுவில் நிற்கிறவனுக்கு வெள்ளைக் கோடு நேராய்ப் போகும், இடது ஓரத்தில் நிற்கிறவனுக்குக் கோடு இடதுபக்கம் சாய்ந்து வரும், கோட்டில் ஒரு பிழையும் இல்லை, கண்ணிலும் பிழையில்லை. மரமும் அப்படித்தான், நேராய் விழுந்தாலும் இடப்பக்கம் நின்று பார்க்கிறவனுக்குப் பதினொன்றேகால்போலத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் அது பொய்யா. கிர்ஸ்டிக்கு அங்கேயிருந்து தெரியாது, அவள் பார்ப்பது மரம் புரளுகிறதா என்பதை, பக்கவாட்டில் இருந்து பார்க்கிறவளுக்கு நேரும் கோணலும் ஒன்றுதான். சீ. என்ன புத்தி இது. விமானநிலையத்தில் இவனைக் கூட்டிவரப் போன அன்றைக்கு, பனிக்காலம், மெல்லிய சேர்ட்டோடு பல் கிடுகிடுக்க வந்து நின்றான், பரா தன் தடித்த ஜக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு வெறும் சேர்ட்டோடு கார் நிறுத்திய இடம்வரை நடந்தான், அந்த நேரம் நெஞ்சுக்குள் ஒரு சூடு இருந்ததே, அது உண்மைதானே. உண்மைதான். அப்போது அவன் மெலிந்திருந்தான். மெலிந்தவனுக்குப் போர்த்துவது என்ன பெரிய காரியம். கொடுக்கிற கை மேலே இருக்கும்வரை எல்லோரும் நல்லவர்தான். இரண்டு எட்டு. அவன் புரட்டாமலே விடலாம், புரட்டினாலும் மூன்று மணிக்கு விழலாம், ஒன்பதுக்கு விழலாம், பிறகு எங்கே நின்றால் என்ன, நேரே நின்று வாய் நிறையச் சொல்லலாம், ஐயோ தம்பி, தவறிப் போச்சுதே. அப்படி நடக்கட்டும். கடவுளே, இடுப்பை வெட்டி இழுக்கட்டும், கால் சறுக்கட்டும், புல் ஈரமாய்த்தானே கிடக்கிறது. கால் சறுக்கட்டும் என்று நினைத்த அதே நேரத்தில் மரம் இவன் தலையில் விழுந்தால் சுகந்திக்கு என்ன பதில் சொல்வது என்றும் நினைத்தான், அந்தப் பயமும் உண்மையாய்த்தான் இருந்தது, இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்து புரண்டன. நிரோஜன் மரத்தைத் தூக்கிவிட்டான். நாற்பத்து மூன்று கிலோ, வானத்துக்கு நேரே, இவனுடைய கோர்த்த விரலுக்கு மேலே நின்று ஆடுகிறது. பராவின் கால்கள் தாமாகவே, ஒருவரும் சொல்லாமல், இரண்டு எட்டு இடப்பக்கம் போய் நின்றன.

ஓடுகிறான். மரம் முன்னுக்குச் சாய, அதைத் துரத்திக்கொண்டு போகிறவன்போல, முதலில் மெல்ல, பிறகு வேகமாய், சப்பாத்து ஆணிகள் மண்ணைக் கிளற, பராவும் ஓடுகிறான், இடப்பக்கத்தில், தன் மூச்சையும் அவன் மூச்சையும் கேட்டுக்கொண்டு. நின்றான். குதிகால் இரண்டும் நட்டது. முழங்கால் மடங்கி விரிந்தது. அந்த முதுகு, பிறவியிலேயே செய்த அந்த முதுகு, கீழிருந்து மேலே ஒரு அலைபோல எழும்பி வந்து கையில் முடிந்தது. மரம் போய்விட்டது. பருத்த தலை நிலத்தில் குத்தியபோது காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது, மரம் ஒரு கணம் செங்குத்தாய் நின்றது, ஒரே ஒரு கணம், விழு இந்தப் பக்கம், விழு, பிறகு பெருமூச்சு விட்டதுபோல அப்பால் சாய்ந்து விழுந்தது. புரண்டது என்று கிர்ஸ்டி கத்தினாள், வடிவாய்ப் புரண்டது, மணி என்ன. மணி என்ன. பரா பார்த்தான். மரம் சாய்ந்துதான் தெரிந்தது. சத்தியமாய்ச் சாய்ந்துதான் தெரிந்தது, இடதுபக்கம், பதினொன்றேகால். வேறு எவன் வந்து இந்த இரண்டு கால் வைத்த இடத்தில் நின்றாலும் இதைத்தான் சொல்வான். நிரோஜன் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான், முதுகு மட்டும் ஏறி இறங்குகிறது. அவனுக்கு நேர் முன்னே கிடக்கிறது மரம், அவன் நிழலை நீட்டிப் போட்டதுபோல, ஒரு நூல் பிசகாமல். பதினொன்றேகால் என்றான் பரா. விலை சொல்லி இருபது வருஷம் பழகிய குரல்.

சொல்லிவிட்டு நின்றான், சண்டைக்கு ஆயத்தமாக. இதுதானே அவனுடைய இடம். விலையைச் சொன்னால் மற்றவன் நெஞ்சில் கையை வைப்பான், என்ன அநியாயம் என்பான், அதற்கொரு பதில், அதற்கொரு பதில், எல்லாம் நாக்கில் அடுக்கி வைத்திருந்தான். வா, சொல்லு, இது பன்னிரண்டெண்டு சொல்லு, ஓடின ஓட்டம் கோணல் எண்டு நான் சொல்லுவன், விழுந்த பிறகு உருண்டது எண்டு சொல்லுவன். நிரோஜன் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். முகத்தைத் துடைத்தான். சரி அத்தான் என்றான். பிறகு கையை நீட்டினான், வாழ்த்துச் சொல்ல. கிர்ஸ்டி பென்சிலைத் தேடுகிறாள். சரி அத்தான். அவ்வளவுதானா. முதல் சொன்ன விலைக்கே ஒருவன் ஓம் என்று விட்டால் அன்றைக்குப் பராவுக்குச் சாப்பாடு இறங்காது, அவன் எதையோ கண்டுவிட்டான், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். இவன் எதைக் கண்டான். ஏன் இவன் கத்தவில்லை. எனக்காக விட்டானா. விட்டுவிட்டானா, சும்மா, கேட்காமலே, இதையும் எனக்குப் பிச்சையாய்ப் போட்டுவிட்டு நிற்கிறானா கையை நீட்டிக்கொண்டு. கோபம் காதுவரை ஏறியது, யார்மேல் என்று தெரியாத கோபம், அந்த நீட்டிய கையைத் தட்டிவிட்டுக் கிர்ஸ்டியைப் பார்த்துக் கத்தினான், எழுதாதே, நான் நேரே நிற்கவில்லை, இடப்பக்கம் நின்றேன், அது பன்னிரண்டு, பன்னிரண்டென்று எழுது. கிர்ஸ்டி பென்சிலைக் காதில் சொருகினாள். மெக்கானிக் வேலை செய்கிறவள், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. நேரே நிற்காதவன் நேரை எப்படிச் சொல்வாய் என்றாள். பன்னிரண்டும் இல்லை, பதினொன்றேகாலும் இல்லை, அந்த எறி செல்லாது, மறுபடி எறியட்டும். பரா விடவில்லை. வாதாடினான். மரம் கிடக்கிறதே, வந்து பார், உன் கண்ணால் பார். ஓடி முடித்த பிறகு அவன் எந்தக் கோட்டில் ஓடினான் என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது என்றாள் அவள், சரியாய்த்தான் சொன்னாள். ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினான், வாழ்க்கையில் முதல்தடவை தனக்கு எதிராக விலை பேசினான், ஒரு இம்மியும் அவள் இறங்கவில்லை. நிரோஜன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடது கையில் தோல் ஒரு காசளவு உரிந்து தொங்கியது. அவன் பராவுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"எனக்குத் தெரியும் அத்தான். ஓடேக்கை உங்கடை கால்ச் சத்தம் இடப்பக்கமாத்தான் கேட்டது."

"பேந்து ஏன்ரா வாயை மூடிக்கொண்டு நிண்டனி?"

"என்னெண்டு சொல்லுறது? உங்களுக்கு அவ்வளவு வேணும் போலக் கிடந்தது."

மறுபடி நிமிர்த்தினான் பரா. இந்த முறை தோள் கத்தியதையும் அவன் கேட்கவில்லை, அந்த வார்த்தைகள்தான் உள்ளே கத்திக்கொண்டிருந்தன, அவ்வளவு வேணும் போல, அவ்வளவு வேணும் போல. கால்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எறிந்திருக்கிறான். களவு போகப்போகிறதென்று தெரிந்துகொண்டே பன்னிரண்டு எறிந்திருக்கிறான் இந்த நாய். நான் எறிவேனா. ஒருநாளும் எறியமாட்டேன், மரத்தை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிக் கழுத்தைப் பிடித்திருப்பேன். முதுகு மட்டும்தான் பிறவியிலேயே செய்தது என்று நினைத்தேனே. எரிச்சல் குறையவில்லை, ஒரு பொட்டும் குறையவில்லை, முந்தி தோளிலும் கழுத்திலும் இருந்த எரிச்சல் இப்போது எங்கேயென்று கைவைத்துக் காட்டமுடியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நேர் பின்னால் போய் நின்றான். நேர் என்றால் நேர், அவனுடைய பிடரிச் சுழியைத் தன் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு. நிரோஜன் குனிந்து விரலைக் கோர்த்தான், உரிந்த தோல் மரத்தில் பட்டபோது ஒருமுறை உதறினான், மறுபடி கோர்த்தான். தூக்கினான், மரம் ஆடியது, களைத்த கையில் ஆடுகிற ஆட்டம். ஓடினான். பராவும் ஓடினான், அவன் வைத்த அடியிலேயே தன் அடியை வைத்து. எறி. எறியடா. புரளட்டும். புரளாமல் போகட்டும். புரளட்டும். மரம் எழும்பியது, குத்தியது, நின்றது, நீண்ட நேரம் நின்றது, சனிக்கிழமை முழுவதும் நின்றதுபோல, பிறகு போனால் போகிறதென்று அப்பால் விழுந்தது. புரண்டது என்றாள் கிர்ஸ்டி. பரா பார்த்தான், நேரே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு. தோல் உரிந்த இடது கை வலித்து விட்டுக்கொடுத்ததில் மரம் இடதுபக்கம் இழுத்துவிட்டது. பதினொன்று. சரியாகப் பதினொன்று, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேராகாத பதினொன்று. பதினொன்றரைக்குக் கீழே. நிரோஜனும் பார்த்துவிட்டான், தோள் தொய்ந்ததில் தெரிந்தது. கிடைத்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், ஆவணி மாதம் பராவினுடையது, ஒரு பொய்யும் தேவையில்லை, வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த கிழமையே பாவாடையைத் தோய்க்கப் போடலாம். மணி என்ன என்று கேட்டாள் கிர்ஸ்டி. இந்த முறை நேரே நின்றாய்தானே. ஓம், நேரேதான் நின்றேன் என்றான். மரத்தைப் பார்த்தான். அந்தப் பெருத்த கழுத்தைப் பார்த்தான், அதன்மேல் வழிகிற வியர்வையைப் பார்த்தான், வயிறு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு என்றான், நல்ல உரத்து, சோளக்காணிவரை கேட்க. கிர்ஸ்டி காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினாள். நிரோஜன் திரும்பினான்.

"அத்தான், அது பதினொண்டு."

"பொத்தடா வாயை. பின்னால நிண்டது நான்."